எட்டு மைக்ரான் சந்தில் மூச்சு விட்ட ஈஸ்ட்

நேற்று ராத்திரி 11.40-க்கு, நீரோட்டத்தை நிறுத்திய மூன்றாவது நிமிடத்தில், அகச்சிவப்பு நிறமாலையில், அதாவது எந்த அலையை எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் வரைபடத்தில், 2343 என்ற இடத்தில் ஒற்றை முள்ளாக ஒரு முகடு எழுந்தது. உயரம் வெறும் 0.012. குழாயைத் திறந்தேன், கரைந்து போனது. மூடினேன், மறுபடி ஏறியது. நாலு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். ஏழு மாதம், ஒன்பது கருவிகள், அகச்சிவப்பை ஊடுருவ விடும் பதினாலு கால்சியம் ஃபுளோரைடு வில்லைகள். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

செய்ய நினைத்தது இதுதான்: உயிரோடிருக்கும் ஈஸ்ட் செல்களை ஊட்டக் கரைசலில் வைத்தபடியே அகச்சிவப்பு நிறமாலை எடுப்பது. இந்தப் பதிவில் வரும் 1645, 2343 எல்லாம் அலையெண்கள். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கு. செல்லை உலர்த்தி எடுத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் அது கருவாடு. ஈரத்தோடு எடுக்கப் போனால் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. புரதத்தின் முக்கியமான முகடு 1650 பக்கம் வரும். தண்ணீர் 1645-இல் உட்கார்ந்திருக்கிறது. 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தண்ணீர் இருந்தாலே அந்த இடத்தில் உறிஞ்சல் 1.2, அதாவது ஒளியில் 6 சதவீதம்தான் மறுபக்கம் போகும். 25 மைக்ரான் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஈஸ்ட்டின் பருமன் ஏறக்குறைய 5 மைக்ரான். ஆகவே செல் நசுங்காமலும் தண்ணீர் ஒளியை விழுங்காமலும் இருக்க, இரண்டு வில்லைகளுக்கு நடுவே செல்லும் கரைசலும் நிற்கும் சந்து 8 மைக்ரான் என்று முடிவு செய்தேன்.

இத்தாலியில் ட்ரியெஸ்தே நகரத்து எலெட்ரா சிங்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வேகமாகச் சுற்றவிட்டு மிகப் பிரகாசமான ஒளி எடுக்கும் பெரிய கூடம்) கால்சியம் ஃபுளோரைடு மேல் இப்படி அறை கட்டிப் பல வருடங்களாகச் செல்களைப் பார்க்கிறார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி ஆட்கள் மூடியே இல்லாமல், திறந்த வாய்க்காலில் மெல்லிய நீர்ப்படலம் ஓட்டி பாக்டீரியாவைப் பார்த்தார்கள். அவர்களிடம் சிங்க்ரோட்ரான் ஒளி. என்னிடம் இருப்பது அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் சாதாரண எஃப்.டி.ஐ.ஆர். நுண்ணோக்கி, உள்ளே ஒளிக்காகப் பழுக்கக் காயும் ஒரு குளோபார் கம்பி. ஒற்றைச் செல்லெல்லாம் நமக்கு இல்லை. 50-க்கு 50 மைக்ரான் கட்டத்தில் விழும் செல்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க முடியும்.

முதல் கருவி கடையில் வாங்கும் திரவக் கலம், நடுவில் 6 மைக்ரான் டெஃப்ளான் வளையம். அந்த வளையத்தைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், மூச்சுக் காற்றுக்கே சுருண்டு கொள்ளும். சுருக்கம் நீங்காமல் வைத்து இறுக்கினேன். காலியான கலத்தை ஒளியில் வைத்தால் நிறமாலையில் மெல்லிய அலை ஒன்று வரும். அடுத்தடுத்த இரண்டு அலைமுகடுகளின் தூரத்தால் 5000-ஐ வகுத்தால் இடைவெளி மைக்ரானில் கிடைக்கும். எனக்கு வந்த தூரம் 430. அப்படியென்றால் 11.6 மைக்ரான். பெட்டியில் போட்டிருந்த 6 பெட்டியோடு போச்சு. இந்த வகுத்தலைச் செய்யாமல் எந்த அளவையும் நம்பக் கூடாது என்பது அன்றைக்குப் படிந்த பழக்கம்.

இரண்டாவது கருவியை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. பரண் மேல் பழைய பேரியம் ஃபுளோரைடு வில்லைகள் கிடந்தன. கால்சியத்தைவிட அகச்சிவப்பில் இன்னும் கீழே, 800 வரை ஒளி விடும். சும்மா கிடைத்ததை ஏன் விட வேண்டும் என்று எடுத்துப் போட்டேன். ஊட்டக் கரைசல் ஓடிய ஒரு மணி நேரத்தில் உள்பக்கம் பால் தெளித்ததுபோல் வெண்மை. பேரியம் ஃபுளோரைடு தண்ணீரில் கொஞ்சம் கரையும், கால்சியம் ஃபுளோரைடைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. என் கரைசலில் லிட்டருக்கு 5 கிராம் அம்மோனியம் சல்பேட். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வு. சல்பேட் இருக்கிறதா என்று பார்க்க பேரியம் குளோரைடு ஊற்றி வெண்வீழ்படிவு வாங்கிய அதே கை. போதாததற்குக் கரைந்த பேரியம் செல்லுக்கு விஷம் வேறு.

மூன்றாவது பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பர். நுண்வாய்க்கால் வேலையில் எல்லாரும் முதலில் எடுப்பது அதைத்தான். 1260-இலும், 1000 முதல் 1100 வரையிலும் அதுவே ஒளியை விழுங்கிவிடும் என்று தெரியும். அதனால் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு ஓரத்தில் மட்டும் வைத்தேன். ரப்பர் ரப்பர்தானே, திருகை அரைச் சுற்று முறுக்கினால் இடைவெளி மூன்று மைக்ரான் குறைகிறது. விட்டுவிட்டேன். ஆனால் குழாய் சொருகும் கட்டையாக அதுவே இன்றுவரை மேலே உட்கார்ந்திருக்கிறது, அந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை.

அப்புறம்தான் எஸ்.யு-8. ஒளி பட்டால் இறுகும் பிசின். வில்லை மேல் ஊற்றிச் சுழற்றினால் சுழற்சி வேகத்துக்கு ஏற்ற கனத்தில் படியும். 2007 என்ற ரகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 7 மைக்ரான்; நான் 2,500 வைத்தேன். வாய்க்கால் படத்தைத் திருவல்லிக்கேணியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் பிலிமாக எடுத்தேன், 180 ரூபாய். வாய்க்கால் 3 மில்லிமீட்டர் அகலம், 15 நீளம். இரண்டு வாய்க்கால்கள் பக்கத்துப் பக்கத்தில்: ஒன்றில் செல், ஒன்றில் வெறும் கரைசல். ஏன் இரண்டு என்பது பின்னால் வரும்.

முதல் இரண்டு வில்லைகள் ஹாட் பிளேட்டில் போயின. சிலிக்கானுக்குச் செய்வதுபோல் 95 டிகிரியில் நேராக வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், குறுக்கே ஒரு கோடு. கால்சியம் ஃபுளோரைடு சூட்டில் நன்றாக விரியும், திடீர்ச் சூட்டைத் தாங்காது. இப்போது குளிர்ந்த தட்டில் வைத்து நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் ஏற்றுகிறேன். இறக்கும்போது தட்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்து மேசையில் வைத்தால் 4,800 ரூபாய்.

அடுத்த தொல்லை விளிம்பு. 25 மில்லிமீட்டர் வட்டத்தில் பிசின் சுழலும்போது ஓரத்தில் தோசை விளிம்புபோல் தடித்து நிற்கும். நடுவில் 8 மைக்ரான், ஓரத்தில் 14. மூடி வில்லை அந்த வரப்பின் மேல்தானே உட்காரும்! அலைத்தூரம் 360 வந்தபோது கணக்கில் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது. இப்போது சுழன்று முடியும் தறுவாயில் அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஓரத்தை 2 மில்லிமீட்டர் வழித்து விடுகிறேன். அதன் பிறகு 617 வந்தது. 8.1 மைக்ரான்.

நடு அளவு சரியாக இருந்தாலும் மூடி சாய்ந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க உதவியது பி.எஸ்சி. மாணவர்களின் சோடியம் விளக்கு. நியூட்டன் வளையச் சோதனைக்கு வைத்திருக்கும் அதே மஞ்சள் விளக்குதான். கருவியை அதன் கீழே வைத்துப் பார்த்தால் இரண்டு வில்லைக்கும் நடுவே கறுப்புக் கோடுகள் ஓடும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளியில் வித்தியாசம் 0.295 மைக்ரான். முதல் முறை எண்ணியபோது ஏழு கோடுகள், அதாவது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 2 மைக்ரான் சாய்வு. நாலு எம்3 திருகுகளையும் எதிரெதிராகக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கியபடி கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கோடு அகன்று அகன்று ஒன்றோ இரண்டோ மிஞ்சும்போது கையை எடுத்துவிட வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கோடுகள் வட்டமாகச் சுற்றி நின்றால் அங்கே தூசி. கழற்று, அசிட்டோன், ஐசோபுரோபைல், வில்லைத் தாள், மறுபடி முதலிலிருந்து. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் தூசி நசுங்காதா என்று பார்த்ததில் இரண்டு வில்லைகள் உடைந்தன. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நான் கழித்த நேரம் எஃப்.டி.ஐ.ஆர். முன்னால் கழித்ததைவிட அதிகம்.

மூடி வில்லையில் கரைசல் போக வர ஒரு மில்லிமீட்டர் துளைகள் வேண்டும். வைரத்தூள் பதித்த துரப்பண முனை, மெதுவான வேகம், மேலே தண்ணீர் சொட்டு, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். நாலு வில்லைகள் உடைந்தன. எல்லாம் ஒரே மாதிரி: துளை மறுபக்கம் எட்டும் அந்தக் கடைசி நொடியில் அடிப்பக்கம் சிப்பியாகப் பெயர்ந்துவிடும். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், திருச்சிக்காரன், வீட்டில் மூன்று தலைமுறையாகச் செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில். உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கல்லுக்கு அடியில என்ன வச்சீங்கண்ணே?"

"ரப்பர் ஷீட்."

"அதான். அடியில காலியா இருந்தா பேந்துதான் போகும். அரக்குல ஒட்டி, அடியில இன்னொரு கண்ணாடி குடுக்கணும். துளை அந்தக் கண்ணாடிக்குள்ள போய்த்தான் நிக்கணும்."

அரக்குக்கு வேண்டிய சூடு என் வில்லைக்கு ஆகாது என்று தேன்மெழுகில் ஒட்டினோம், அறுபத்து சொச்சம் டிகிரியிலேயே உருகிவிடும். அடியில் சாதாரண நுண்ணோக்கிக் கண்ணாடி. அன்றிலிருந்து ஒரு வில்லைகூடத் துளையிடும்போது உடையவில்லை. இதை நான் படித்த எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

எஸ்.யு-8 தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறினால் உரிந்து வந்தது. வில்லையைப் பிளாஸ்மாவில் (மின்னேற்றிய வாயுவில்) ஐந்து நிமிடம் சுத்தம் செய்த பிறகு பூசி, கடைசியில் 150 டிகிரியில் மெதுவாகச் சுட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஓரக் கசிவுக்கு முதலில் வெற்றிடக் கிரீஸ் தடவினேன். மறுநாள் நிறமாலையில் 1260-இல் கத்திமுனைபோல் ஒன்று. ஈஸ்ட்டில் அப்படி எதுவும் கிடையாது, அது சிலிக்கோன். கிரீஸ் என் விரல் வழியாக உள்ளே போயிருக்கிறது. இப்போது வெளி ஓரத்தில் 60 ரூபாய் நகப்பூச்சு. அசிட்டோனில் கழன்றுவிடும்.

பம்ப் விஷயத்தில் மூன்று வாரம் வீணானது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்டெப்பர் மோட்டார், டிரைவர், எம்8 திருகுக் கம்பி எல்லாம் வாங்கி ஊசிப் பம்ப் ஒன்று கட்டினேன், 3,150 ரூபாய். பார்க்க ஜோராக இருந்தது. நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் ஓட்டினால் போதும். ஆனால் மோட்டார் தாவித் தாவித்தான் சுழலும். 1 மில்லி ஊசியில் ஒரு தாவலுக்கு 0.1 மைக்ரோலிட்டர் தள்ளுகிறது. என் வாய்க்காலின் மொத்தக் கொள்ளளவே 0.36. ஆறு ஏழு நொடிக்கு ஒரு முறை அறையின் கால் பங்குக்கு மேல் ஒரே உதையில் மாறுகிறது. ஒட்டியிருந்த ஈஸ்ட் எல்லாம் வரிசையாகக் கிளம்பிப் போவதை நுண்ணோக்கியில் பார்த்தேன்.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. 8 மைக்ரான் சந்தில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் ஓட 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் போதும். மருந்துக் கடையில் 35 ரூபாய்க்கு டிரிப் செட் வாங்கி, ஊட்டக் கரைசலை சலைன் பாட்டில்போலத் தொங்கவிட்டேன். செல் நிறைந்த பிறகு எதிர்ப்பு கூடுவதால் 35 சென்டிமீட்டர். ஓட்டத்தைக் கூட்டப் பாட்டிலை உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். மோட்டார் பம்ப் இப்போது அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

ஈஸ்ட்டை ஒட்ட வைக்கக் கான்கனவாலின் என்ற புரதம் பூசுகிறேன். நம் வாளவரையின் இனத்துக் கொட்டையிலிருந்து எடுப்பது. ஈஸ்ட்டின் மேலோட்டுச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும்.

இனி இரண்டு வாய்க்கால் விஷயம். செல் இருக்கும் இடத்து நிறமாலையிலிருந்து வெறும் கரைசலின் நிறமாலையைக் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி 0.1 மைக்ரான் மாறினாலே 1645-இல் 0.012 பிழை. தண்ணீருக்கு 2125-இல் அகலமான மங்கல் பட்டை ஒன்று உண்டு, செல்லின் பொருள்கள் எதுவும் அங்கே குறுக்கிடாது. அது மட்டம் ஆகும் வரை, வெறும் கரைசலின் நிறமாலையைப் பெருக்கும் எண்ணை மாற்றி மாற்றிக் கழிக்கிறேன். அப்படியும் 1650-ஐ முழுசாக நம்புவதில்லை, புரதத்தின் இன்னொரு முகடான 1545-ஐத்தான் பார்க்கிறேன். இதிலும் ஒரு வேடிக்கை: கழித்த பிறகு 1645 பக்கம் ஒரு மேடு பள்ளம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து போனது. ஏ.சி. கம்ப்ரசர் ஓடி நிற்கும் தாளம். தண்ணீரின் பட்டை சூட்டுக்கு நகரும். ஆகவே ராத்திரியில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு வேலை செய்கிறேன். அறை 30 டிகிரியில் நின்றுவிடும். எனக்கு வியர்வை, ஈஸ்ட்டுக்கு அதுதான் பிடித்த சூடு. சென்னை ஈரக்காற்றுக்கு நுண்ணோக்கி மேடையைச் சுற்றிப் பாலித்தீன் பாவாடை கட்டி உள்ளே உலர் நைட்ரஜன் விடுகிறேன்.

ஏழாவது கருவியில் ஒரு நாள் ஆனந்தக் கூத்தாடினேன். குளுக்கோஸ் 0.2 சதவீதக் கரைசலிலிருந்து 2 சதவீதத்துக்கு மாற்றினேன். இரண்டே நிமிடத்தில் 1035, 1080, 1150 மூன்றும் ஏறின. செல் சர்க்கரையைச் சேமிக்கிறது, கிளைக்கோஜன்! வழிகாட்டிக்கு வாட்ஸ்அப்பில் படம்கூட அனுப்பிவிட்டேன். அன்று பக்கத்து வாய்க்காலில் குமிழி அடைத்திருந்ததால் பின்னணியைப் பழைய கரைசலிலிருந்தே எடுத்திருந்தேன். மறுநாள் குமிழியை எடுத்துவிட்டுப் பார்த்தால் செல்லே இல்லாத வாய்க்காலிலும் அதே மூன்று முகடுகள், அதே உயரம். நான் பார்த்தது பாட்டிலில் நானே கரைத்த குளுக்கோஸ். வழிகாட்டி அனுப்பிய பதில் ஒரே ஒரு கேள்விக்குறி.

குமிழிகள் எங்கிருந்து வருகின்றன என்பது எட்டாவது கருவியில்தான் புரிந்தது. கசிவு, குழாயில் காற்று என்று என்னென்னவோ சந்தேகப்பட்டேன். ஓட்டத்தை நிறுத்தினால் பத்து நிமிடத்துக்குள் செல் கூட்டத்தின் நடுவிலிருந்து குமிழி கிளம்புகிறது. காலி வாய்க்காலில் கிடையாது. இட்லி மாவு பொங்குகிற விஷயம்தான். ஒரு குளுக்கோஸ் புளித்தால் இரண்டு கார்பன் டை ஆக்சைடு. 2 சதவீதம் என்பது லிட்டருக்கு 111 மில்லிமோல் குளுக்கோஸ், அதிலிருந்து 222 வாயு வரும். 30 டிகிரித் தண்ணீர் ஏறக்குறைய 30 மில்லிமோல் அளவுக்குத்தான் தாங்கும். 0.2 சதவீதத்தில் வைத்தால் வருவது 22, கரைந்தே இருக்கும். ஒன்பதாவது கருவியில் 0.2-ஐ விட்டு மேலே போகவில்லை. குமிழியும் வரவில்லை.

வாயு கரைந்திருக்கிறது என்றால் நிறமாலையில் தெரிய வேண்டுமே என்று அப்போதுதான் தோன்றியது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு 2350 பக்கம் இரட்டை மேடாக வரும். நான் மேடை அருகே மூச்சு விட்டாலே வந்துவிடும், ஏழு மாதமாகத் திட்டித் திட்டி அழித்த பகுதி அது. தண்ணீரில் கரைந்தது மட்டும் 2343-இல் ஒல்லியான ஒற்றை முகடு. நேற்று வந்தது ஒற்றை. காலி வாய்க்காலுக்கு நகர்த்திப் பார்த்தேன், அங்கே எதுவும் இல்லை. செல்லைக் கொல்லும் விஷமான சோடியம் அசைடு கலந்து ஓட்டிய பிறகு ஓட்டத்தை நிறுத்தினேன். இருபது நிமிடம் காத்திருந்தும் ஏறவில்லை.

செலவு: வில்லைகள் மட்டும் 67,200 ரூபாய். வாங்கிய பதினாலில் முழுசாக இருப்பவை ஐந்து. ஹாட் பிளேட்டில் இரண்டு, துளையிடுகையில் நாலு, திருகு முறுக்கி இரண்டு, கழுவும் தொட்டியில் நழுவி ஒன்று. எஸ்.யு-8 ஆய்வகத்தில் இருந்தது, காலாவதி தேதி தாண்டியது, வேலை செய்கிறது. மற்றதெல்லாம் சேர்த்தும் ஐயாயிரத்தைத் தாண்டாது, அதில் பாதிக்கு மேல் அந்த அலமாரிப் பம்ப்.

அடுத்ததில் மூன்று வாய்க்கால் வைக்கப் போகிறேன், மூன்றாவதில் கொன்ற ஈஸ்ட். அசைடை நடுவில் கலக்கி ஒரு நல்ல மாதிரியைக் காவு கொடுக்க வேண்டியிருக்காது. வாய்க்கால் நுழைவாயில் 20 மைக்ரான் ஆழக் குழி ஒன்று வேண்டும், செல்கள் அங்கேயே அடைத்துக்கொள்கின்றன. அதற்கு எஸ்.யு-8-ஐ இரண்டு அடுக்காகப் பூச வேண்டும், விளிம்புத் தொல்லை இரண்டு மடங்காகும். தம்பி இரண்டு வில்லைகளைத் தேன்மெழுகில் ஒட்டி வைத்திருக்கிறான். திங்கட்கிழமை துளையிடுகிறோம்.